கேப்டன் உத்தரவு

எங்கள் தெருவில் பட்டாளம் என்றால் அது சின்னத் தாத்தாதான். அவர் என் தாத்தாவின் தம்பி. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் குடும்பத்துக்கு மூத்தவர் அவர். தெருவுக்கும் மூத்தவராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டிருந்தார். வேட்டிக்கு மேல் காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை, நடக்கும்போது முன்னும் பின்னும் ஒரே அளவாக வீசும் கைகள். பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய், பல வருஷம் கழித்து இரும்புப் பெட்டியோடு திரும்பி வந்த கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் கதையில் அவருக்குக் கொஞ்சம் பதவி உயர்ந்துகொண்டே போகும். உண்மையில் அவர் ஓய்வு பெற்றது லான்ஸ் நாயக்காக. சட்டைக் கையில் ஒரே ஒரு பட்டை.

பட்டைக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரிந்துவிடும். பட்டை கையில் இருக்கும், அது சிப்பாய் வகை. நட்சத்திரம் தோளில் இருக்கும், அது ஆபீசர். "நட்சத்திரம் வெச்சவரு வந்தா வேலியில கெடக்குற ஓணான்கூட எந்திரிச்சு நிக்கணும்" என்பார் சின்னத் தாத்தா.

என் அத்தையும் பட்டாளத்தில்தான் இருந்தார். அப்பாவுக்கு அக்கா. போன தை மாதம், ஊரெல்லாம் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, எண்பத்து நாலு வயதில் கண்ணை மூடினார். ஆனால் என் சிறுவயதில் அவருடைய பட்டாளம் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. "மிலிட்டரி ஆஸ்பத்திரியில நர்ஸு" என்பதோடு சரி. அதையும் சின்னத் தாத்தா விடமாட்டார். "ஆயா வேலையா இருக்கும். நர்ஸுன்னு சொன்னா கௌரவமா இருக்குல்ல?" என்பார். மிலிட்டரி ஆஸ்பத்திரிகளில் சிஸ்டர்களின் தோளில் நட்சத்திரம் இருப்பதை அவர் கண்ணால் பார்த்தவர். அவர்களுக்குச் சல்யூட் அடித்தவர். ஆனால் அப்படி ஒரு சிஸ்டராக எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருக்கக்கூடும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் தன் அக்கா கேப்டன் ஆகிவிட்ட விஷயம் தெரியும். கபடிக் குழுவுக்கு ஒரு கேப்டன் இருப்பதுபோல நர்ஸுகளுக்கும் ஒருவர் உண்டு போலிருக்கிறது என்று நினைத்து, அதைப் பெரிதுபடுத்தாமல் இருந்துவிட்டார்.

அத்தை நாற்றங்காலில் வளர்ந்தவர். பாவாடை கட்டும் வயதிலேயே பெரிய பெண்களோடு நடவுக்குப் போனவர். தரங்கம்பாடியில் ஒரு விடுதிப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. விடுமுறைக்கு வந்தால் மறுபடி நடவு. பிறகு நர்ஸ் படிப்பு, பிறகு பட்டாளம். கிழக்கே சண்டை நடந்த காலத்தில் அகதிகள் முகாம்களில் வேலை பார்த்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த மறுநாள் காலையிலேயே சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவார். அவர் நட்ட வரிசை மட்டும் கயிறு பிடித்ததுபோல இருக்கும். மற்றபடி பட்டாளத்துக்காரி என்று சொல்ல அவரிடம் எந்த அடையாளமும் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதான ஐப்பசியில் அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சின்னத் தாத்தா மாப்பிள்ளை பார்த்திருந்தார். முப்பது தாண்டிய பெண்ணுக்கு நல்ல இடம் அமைவது அந்தக் காலத்தில் லேசில்லை. இவர் விடாமல் அலைந்து பேராவூரணிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைக் கண்டுபிடித்திருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, அமைதியான மனுஷர். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"என்னம்மா சொல்ற?" என்று சின்னத் தாத்தா கேட்டதற்கு, "வரட்டும் சித்தப்பா, பாப்போம்" என்றார் அத்தை. லீவு முடிந்ததும் அவர் நேராக வேறோர் ஊரில் போய்ச் சேரவேண்டியிருந்தது. அதனால் அந்த முறை அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியும் கூட வந்திருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கும் தம்பிக்கும் ரொம்ப ஆசை. பூட்டு கெட்டியாக இருந்தது.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவின் கிணற்றுச் சுவர் உயரம் குறைவு. வெள்ளம் அதைத் தாண்டிக் கிணற்றுக்குள்ளேயே இறங்கியது. வெள்ளம் வடிந்த கையோடு எதிர்வீட்டுப் பெரியவருக்கு வாந்திபேதி கண்டது.

அத்தை போய்ப் பார்த்தார். கையின் தோலைக் கிள்ளி விட்டார். அது பழையபடி ஒட்டாமல் கூடாரம்போல நின்றது.

"காலரா மாதிரி இருக்கு. கொதிக்கவெச்ச தண்ணில உப்பும் சக்கரையும் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. கிணத்துத் தண்ணிய யாரும் தொடவேணாம்" என்றார்.

சின்னத் தாத்தா அங்கேதான் நின்றிருந்தார். "பேதி போறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும்தானே போவும்? வயித்தக் காயப்போடுங்க" என்றார். வீட்டுக்காரர்களுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. இரவு விளக்கு வைப்பதற்குள் பெரியவர் போய்விட்டார்.

மறுநாள் இன்னும் சில வீடுகளில் கண்டது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லப் போனார். வழியெல்லாம் சாலை அரித்துக் கிடந்ததால் அவர் எப்போது போய்ச் சேருவார், டாக்டர்கள் எப்போது வந்து சேருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் போன கொஞ்ச நேரத்தில் என் தம்பி வாந்தி எடுத்தான். நாலு வயது அவனுக்கு. காலையில் என்னோடு சண்டை போட்டவன், வெயில் ஏறுவதற்குள் கண் குழிந்து, பேச்சு நின்று, துணிபோலக் கிடந்தான். அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டு கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் வாசலில் கப்பிச் சத்தம் கேட்டது. யாரோ கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள்.

அத்தை தம்பியை அம்மாவின் மடிக்கு மாற்றி, "நிறுத்தாம குடும்மா, கக்கினாலும் குடு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் கயிற்றைப் பிடித்து இறைத்துக்கொண்டிருந்தது சின்னத் தாத்தாதான்.

அந்தக் கிணறு சின்னத் தாத்தாவின் கிணறு. அவர் சொத்து இல்லை, அவர் பெருமை. அதற்கு முன் எங்கள் தெரு குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தது. பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் ஆபீஸ் ஆபீஸாக நடந்து, அதிகாரிகளிடம் விறைப்பாக நின்று பேசி, அந்தக் கிணற்றை வாங்கிக்கொடுத்தவர் அவர்.

"கிணத்த மூடணும் சித்தப்பா."

"மூடிட்டு?"

"பம்புசெட்டுத் தண்ணிய எடுத்துட்டு வந்து காய்ச்சித்தான் குடிக்கணும்."

சின்னத் தாத்தாவின் முகம் சிவந்துவிட்டது. சுற்றிலும் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். "என் கிணத்துத் தண்ணி வெஷமா? பெட் பேன் கழுவுற வேலை பாக்குறவ வந்து பட்டாளத்துக்காரனுக்கு உத்தரவு போடுறியா? உள்ள போம்மா. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்கு என்னா செய்யணுமோ அதப் பாரு."

அத்தை திரும்பி வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய் அழுகிறார் என்று நினைத்தேன்.

கதவு திறந்தபோது வெளியே வந்தது எனக்குத் தெரியாத ஒருவர். மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் பெல்ட், காலில் ஷூ. தோளில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று நட்சத்திரங்கள். ஷூ சேற்றில் பதிவதைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகக் கிணற்றடிக்கு நடந்தார். பெண்கள் தானாக விலகி வழிவிட்டார்கள்.

சின்னத் தாத்தா திரும்பிப் பார்த்தார். முதலில் முகத்தைப் பார்த்தார், பிறகு தோளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்துத் தலையில் கட்டினார். தலையில் ஒன்றும் இல்லாமல் சல்யூட் அடிக்கக்கூடாதாம். வெறுங்கால்கள் இரண்டையும் சேற்றில் சப்பென்று சேர்த்து வைத்து விறைத்து நின்றார். கை தானாக மேலே போனது.

அத்தை பதில் சல்யூட் அடித்தார்.

"லான்ஸ் நாயக்."

"யெஸ் சார்!"

பிள்ளைகள் நாங்கள் சிரித்துவிட்டோம். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"கிணத்த மூடுங்க. நோயாளிங்க எல்லாரையும் பள்ளிக்கூடக் கொட்டகைக்குக் கொண்டாங்க. பெரிய அண்டா எங்க இருந்தாலும் எடுத்து அடுப்புல ஏத்துங்க. இந்த நிமிஷத்துலேருந்து தெருவ விட்டு யாரும் வெளியில போகக்கூடாது, வெளியாளு யாரும் உள்ள வரக்கூடாது. நீங்க பாலத்துல நில்லுங்க."

"யெஸ் சார்." கொஞ்சம் தயங்கினார். கை இன்னும் இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை பேராவூரணிக்காரங்க வர்றாங்க சார்."

"யாரும்னா யாரும்தான்."

அதன் பிறகு தெருவில் நடந்தது எனக்குத் திருவிழாபோல இருந்தது. அப்படிச் சொல்வது தப்புதான், ஆனால் ஒன்பது வயதில் அப்படித்தான் இருந்தது. கிணற்றின்மேல் பலகைகள் ஏறின. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் வெளியே வந்து, கயிற்றுக் கட்டில்கள் உள்ளே போயின. நேற்றுவரை அத்தையை வாடி போடி என்று கூப்பிட்ட பெண்கள், "கேப்டனம்மா, இது போதுமா பாருங்க" என்று சர்க்கரையை அளந்து காட்டினார்கள். அத்தை ஒவ்வொரு கட்டிலாகப் போய்க்கொண்டே இருந்தார். எப்போது தூங்கினார் என்று தெரியாது. தம்பி முதல் நாள் கண் திறக்கவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் கரண்டியைக் கையால் தள்ளிவிட்டு, "உப்பா இருக்கு" என்றான். அம்மா எங்களை விட்டுவிட்டு ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை, "உப்பு தெரியுதா? அப்ப பொழைச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி டாக்ஸி வந்தது. சத்தம் கேட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாலத்துக்கு ஓடினோம். எங்கள் தெருவையும் ஊரையும் சேர்ப்பது அந்த வாய்க்கால் பாலம்தான். சின்னத் தாத்தா பழைய பெல்ட்டையெல்லாம் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் பின்னால் நின்றார்.

மாப்பிள்ளையின் அண்ணன் முதலில் இறங்கினார். பின்னால் பூ, பழம், கற்கண்டுத் தட்டுகளோடு இரண்டு பெண்கள்.

"என்னங்க இது, மூங்கில் கட்டியிருக்கீங்க?"

"நோய் கண்டிருக்குங்க. உள்ள யாரும் வரக்கூடாது."

"நீங்கதானே இன்னைக்கு வரச் சொன்னீங்க?"

"நான்தாங்க சொன்னேன். இப்ப நான்தான் போகச் சொல்றேன்."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ தூரம் வந்தவங்கள நிறுத்த யாருங்க உத்தரவு போட்டது?"

"கேப்டன் உத்தரவு."

"எந்தக் கேப்டன்?"

சின்னத் தாத்தா ஒருமுறை திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "பொண்ணுதாங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எந்தப் பட்டாளக் கதையிலும் அவர் குரலில் அந்தப் பெருமையை நான் கேட்டதில்லை.

அப்போதுதான் டாக்ஸியின் பின்கதவு திறந்து மாப்பிள்ளை இறங்கினார். ஒல்லியான மனுஷர், கண்ணாடி போட்டிருந்தார். தூரத்தில், கொட்டகை வாசலில், ஆவி பறக்கும் அண்டாவின் முன்னால் வெள்ளை உடுப்பில் நின்றிருந்த அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் முணுமுணுத்தபடி வண்டியில் ஏறினார்கள். அவர் ஏறவில்லை.

"ஏதாவது வேணுமான்னு கேளுங்க" என்றார் சின்னத் தாத்தாவிடம்.

சின்னத் தாத்தா தொண்டை கிழியக் கத்தினார். "சார்! ஏதாவது வேணுமான்னு கேக்குறாங்க!"

"சக்கரை!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

மாப்பிள்ளை அந்தப் பெண்களின் கையிலிருந்த கற்கண்டுத் தட்டை வாங்கி மூங்கிலுக்குக் கீழே வைத்தார். பெண் பார்க்கவென்று வந்த கற்கண்டு, கொஞ்ச நேரத்தில் அண்டாவில் கரைந்துபோனது.

அப்பாவோடு டாக்டர்கள் ஊசி மருந்தும் பிளீச்சிங் பவுடருமாக வந்து சேரும்வரை, பெரியவருக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. வந்த டாக்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அத்தையிடம் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். நான் அழுததைச் சின்னத் தாத்தா பார்த்துவிட்டு, "கேப்டன் வீட்டுப் புள்ள அழுவலாமா?" என்றார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் தன் பட்டாளக் கதைகளை நிறுத்திக்கொண்டார். "எங்க அண்ணன் மவ என்னா ரேங்க் தெரியுமா?" என்றுதான் தொடங்குவார். டீக்கடையில் புதிய முகம் எது தென்பட்டாலும் சரி.

அந்த அண்ணன் மகள் பிறகு லெப்டினன்ட் கர்னல்வரை போனார். பனிமலையில், பாலைவனத்தில், பெயர் வாயில் நுழையாத ஊர்களில் எல்லாம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் பெரிய நகரம் எதற்கும் போகாமல் எங்கள் தெருவுக்கே திரும்பி வந்து நிலம் வாங்கினார். அவருடைய அப்பா பண்ணையாளாக உழுத அதே நிலத்தில் ஒரு துண்டு. எண்பது வயதுவரை விடியற்காலையில் மடை திறக்கத் தானே போனார். போன தை மாதம் முன்னாள் ராணுவத்தினர் சிலர் மலர்வளையத்தோடு வந்து, சவப்பெட்டியின் முன் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அடித்தவர்களில் மூத்தவர் ஒரு சுபேதார். அவருக்கே எழுபதுக்கு மேல். தோள் கொடுத்தவர்களில் முன்னால் நின்றது, உப்பாக இருக்கிறது என்று கரண்டியைத் தள்ளிவிட்ட என் தம்பி. அன்று வாசலில் நின்ற எனக்கு அழுகையைவிடப் பெருமைதான் மேலே வந்தது.

எல்லோரும் போன பிறகு வேறு ஒரு காட்சிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நோய் அடங்கி, ஆனால் மூங்கில் இன்னும் அவிழ்க்கப்படாத ஒரு மத்தியானம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி வந்து நின்றது. லாரி நிறைய இளநீர். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து கண்ணாடி போட்ட அந்த மாப்பிள்ளை இறங்கினார்.

தெருவே ஓடிப்போய் இளநீரை இறக்கியது. அத்தையும் பாலத்துக்கு வந்தார். தினமும் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து வெள்ளை உடுப்பு நைந்துபோயிருந்தது. மூங்கிலுக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. நான் ஒரு இளநீரை இரண்டு கையாலும் பிடித்தபடி அத்தையின் பக்கத்தில் நின்றேன். சின்னத் தாத்தா வாழ்க்கையில் முதல்முறையாக, தன்னைக் கூப்பிடாத இடத்திலிருந்து தானாக விலகிப் போனார்.

"எல்லாரும் தேறிட்டாங்களா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"தேறிட்டாங்க. நீங்க அனுப்பின கற்கண்டும் அதுக்கு ஆச்சு."

அவர் சிரித்தார். "இன்னொரு நாள் வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன். அண்ணன் வரமாட்டாரு. நான் வருவேன்."

அத்தையின் அப்போதைய முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படி ஒரு மிருதுவான முகத்தை அந்த உடுப்புக்கு மேலே நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"உங்களப் புடிக்கலைன்னு இல்லைங்க" என்றார். "கல்யாணம் பண்ணிக்கிட்டா இந்த உடுப்பக் கழட்டிடணும். நாத்தங்கால்லேருந்து கெளம்பி இதுக்கு வந்து சேந்திருக்கேன். கழட்ட மனசு இல்லைங்க."

அவர் அத்தையின் தோளைப் பார்த்தார். பிறகு கொட்டகை வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்.

"அப்ப கழட்டாதீங்க" என்றார். கும்பிட்டார். அத்தையும் கும்பிட்டார். லாரி புறப்பட்டுப் போனது. அது சாலை வளைவில் மறைந்த பிறகும் அத்தை அங்கேயே நின்றிருந்தார்.

பட்டாளத்து நர்ஸ் ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அது மாறுவதற்குப் பல வருஷங்கள் ஆயின. ஒன்பது வயதில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கல்யாணத்துக்கு யாராவது வெள்ளை உடுப்பும் ஷூவுமாகப் போய் உட்காருவார்களா, கழற்றிவிட்டுப் பட்டுப் புடவை கட்டவேண்டியதுதானே, இதற்குப் போய் அவ்வளவு நல்ல மனுஷரை எதற்குத் திருப்பி அனுப்பினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தையிடம் நல்ல புடவை இல்லை, அதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நானே முடிவு செய்தேன். இளநீரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். லாரி ரொம்ப தூரம் போயிருக்காது.

"அம்மா, அம்மா, உன் கூறைப்புடவைய எடு! அத்தைக்குக் குடுக்கணும், சீக்கிரம்!"